நடுவழியில் ஒரு எத்திரோ

வேதபாடம்
தியானப் பகுதி: யாத்திராகமம் 18ஆம் அதிகாரம், அப்போஸ்தலர் 18:1-3, 24-28



இந்த மாதப் பாடத்தை ஒரு அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். வேறு யாருடைய குற்றமும் அல்ல, என்னுடையதுதான்.

2011ஆம் வருஷம். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா முடித்து, பகலில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை, சாயங்காலமும் ஞாயிறும் ஊழியம் என்று நான் ஆரம்பித்த காலம். எனக்கு அப்போது முப்பது வயசு. நம் விசுவாசி ஒருவருக்கு நாற்பத்தி மூன்று. ஒரு பஞ்சாலையில் இருபத்தோரு வருஷம் ரிங் பிரேம் ஓட்டியவர். மில் மூடிவிட்டது, செட்டில்மென்ட் பணம் கைக்கு வந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பட்டறைக்கே வந்துவிட்டார். "பாஸ்டர், ஈமு கோழிப் பண்ணை ஒண்ணு போடலாம்னு இருக்கறனுங்க. ஜெபம் பண்ணி விடுங்க" என்றார். நான் கையில் இருந்த வார்னிஷைத் துடைத்துக்கொண்டு, அவர் தலைமேல் கை வைத்து, சத்தமாக ஜெபித்தேன். ஐந்து நிமிஷம். அவரும் சந்தோஷமாகப் போனார், நானும் சந்தோஷமாக மறுபடி காயில் சுற்ற உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வருஷம், 2012இல், பெருந்துறைப் பக்கம் ஈமு நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். முன்பணம் கட்டினால் குஞ்சு தருவோம், மாதாமாதம் பராமரிப்புக் காசு தருவோம், வளர்ந்த பறவையை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்றார்கள். சில மாதம் காசு வந்தது. பிறகு காசும் நின்றது, தீவனமும் நின்றது. கொங்கு நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் கண்ணீர் விட்டன. நம் சகோதரரின் இருபத்தோரு வருஷ உழைப்பும் அதில் போயிற்று.

நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது இன்றுவரை என் காதில் இருக்கிறது. "நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலீங்க பாஸ்டர். ஆனா நீங்க ஒண்ணுமே கேக்கலையேன்னுதாங்க இருக்குது."

பிரியமானவர்களே, ஜெபித்தது தவறல்ல. கேட்காமல் ஜெபித்ததுதான் தவறு. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். நாற்பது வயசுக்கு மேல் வேலை போனவர்களும், வேலை மாற நினைக்கிறவர்களும் நம் சபையில் இன்றைக்கு ஒருவர் இருவர் அல்ல. அவர்களுக்கு நாம் எப்படித் துணை நிற்பது? இரண்டு பதினெட்டாம் அதிகாரங்கள் நமக்குப் பதில் சொல்லுகின்றன.

1. மோசேக்கும் நாற்பதில் வேலை போயிற்று

அப்போஸ்தலர் 7ஆம் அதிகாரத்தில் ஸ்தேவான் மோசேயின் வயதுக் கணக்கைச் சொல்லுகிறார். அரண்மனையில் நாற்பது வருஷம். எகிப்தியரின் கல்வி முழுவதும் கற்றவர். ஒரே நாளில் எல்லாம் போய், மீதியான் தேசத்தில் ஒரு கிணற்றோரம் வந்து உட்கார்ந்தார். பிறகு செய்த வேலை என்ன? மாமனார் வீட்டு ஆடு மேய்ப்பு. எகிப்தியருக்கு மேய்ப்பர் என்றாலே அருவருப்பு என்று ஆதியாகமம் 46ஆம் அதிகாரத்தின் முடிவில் பார்க்கிறோம். எந்த வேலையைக் கேவலம் என்று பார்த்து வளர்ந்தாரோ, அதே வேலை!

நேற்று வரை சூப்பர்வைசர், இன்று செக்யூரிட்டி. நேற்று வரை மேஸ்திரி, இன்று தள்ளுவண்டி. காசு குறைந்ததைவிட அந்த வெட்கம்தான் பெரிய பாரம். வீட்டில் பெண்சாதி முகத்தைப் பார்க்க முடியவில்லை, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போக மனசில்லை. "இப்ப எங்க வேலை செய்யறீங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

மோசேக்கு ஆடு மேய்க்கச் சொல்லிக் கொடுத்தது யார் என்று வேதத்தில் தனியாக எழுதவில்லை. ஆனால் ஆடு எத்திரோவின் ஆடு, அதைக் கொண்டுபோனவர் மோசே. அரண்மனைப் படிப்பில் இல்லாத ஒன்றை அந்த வீட்டில்தான் கற்றிருப்பார். மேய்ப்பனாக நாற்பது வருஷம் அலைந்த அதே வனாந்தரத்தில்தான் பிறகு ஜனங்களை நடத்தினார். முதல் மாற்றம் வீணாகப் போகவில்லை. ஆகையால் நடுவயதில் வரும் மாற்றத்தைச் சாபம் என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

2. கோச் என்றால் யார்?

நம் ஊரில் கோச்சிங் என்றால் நீட் கோச்சிங், டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங். இப்போது கம்பெனிகளில் "கேரியர் கோச்" என்றும் ஒருவரைச் சொல்லுகிறார்கள். வேலை மாறுகிறவரோடு உட்கார்ந்து பேசி, அவரே தன் வழியைக் கண்டுபிடிக்கத் துணை செய்கிறவர்.

கோச் என்றால் நமக்கு ரயில் பெட்டியும் ஞாபகம் வரும். இரண்டும் ஒரே சொல்தான். ஹங்கேரி தேசத்தில் கோச் என்றொரு கிராமம். அங்கே செய்த குதிரை வண்டிக்கு அந்த ஊர்ப் பேரே வந்தது. பிறகு 1800களில் இங்கிலாந்தில், மாணவனைப் பரீட்சை தாண்ட வைக்கிற ஆசிரியரையும் கோச் என்று கூப்பிட்டார்கள். வண்டி பயணியை அவர் போகவேண்டிய ஊருக்குக் கொண்டுபோய் விடுகிறது. எந்த ஊர் என்று தீர்மானிப்பது பயணி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "நான் சொல்ற ஊருக்குத்தான் நீ வரணும்" என்கிறவர் கோச் அல்ல, புரோக்கர்.

3. எத்திரோ செய்த நான்கு காரியங்கள்

இப்போது யாத்திராகமம் 18. மோசே மறுபடியும் புது வேலையில் இருக்கிறார். மேய்ப்பராக இருந்தவர் இலட்சக்கணக்கான ஜனத்துக்குத் தலைவர். பக்தியில் குறைவில்லை, வேலை செய்யும் முறையில்தான் குறை. அதே எத்திரோ இரண்டாம் முறை துணைக்கு வருகிறார்.

அ) பார்த்தார். வந்த அன்றைக்கே ஆலோசனை சொல்லவில்லை. முதல் நாள் ஒருவரையொருவர் நலம் விசாரித்தார்கள். நடந்ததையெல்லாம் மோசே சொல்ல, அவர் கேட்டு மகிழ்ந்தார். மறுநாள் காலமே தொடங்கி சாயங்காலம் மட்டும் மருமகன் என்ன செய்கிறார் என்று பார்த்தார். ஒரு முழு நாள்! நான் கொடுத்தது ஐந்து நிமிஷம்.

ஆ) கேட்டார். நீ செய்கிற இந்தக் காரியம் என்ன, ஏன் ஒருவனாய் உட்கார்ந்திருக்கிறாய் என்ற கருத்தில் கேள்விகளைத்தான் முதலில் வைத்தார். மோசே பதில் சொல்லும் மட்டும் பொறுத்தார்.

என் தொழிலில் இருந்து ஒன்று சொல்லுகிறேன். கருகின மோட்டார் பட்டறைக்கு வந்தால் எடுத்தவுடனே புதுக் கம்பி சுற்றமாட்டோம். பழைய காயிலைப் பிரிக்கும்போதே எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்று எண்ணி எழுதிக்கொள்வோம். அதைவிட முக்கியம், ஏன் கருகியது என்று பார்க்க வேண்டும். பேரிங் இறுகிப் போச்சா? ஒரு பேஸ் கரண்ட் வராமல் ஓடியதா? காரணம் தெரியாமல் சுற்றிக் கொடுத்தால் ஒரே வாரத்தில் மறுபடியும் கருகி வரும். உள்ளே இருக்கும் கோர் நன்றாக இருந்தால் மோட்டார் கட்டாயம் ஓடும். அதுபோல, வேலை போனவருக்குள் கெட்டுப்போகாத கோர் எது என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இ) சொன்னார். இது நல்லதல்ல, நீயும் களைத்துப்போவாய், ஜனமும் களைத்துப்போகும் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். பிறகு வழியையும் சொன்னார்: ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று பிரித்துப் பொறுப்பானவர்களை நியமி. ஆனால் 23ஆம் வசனத்தைக் கவனியுங்கள். தேவனும் இப்படியே கட்டளையிட்டால் என்று சொல்லித் தன் ஆலோசனையைத் தேவனுடைய சித்தத்தின் கீழே வைத்தார். "கர்த்தர் எனக்குச் சொன்னார், நீ இந்தத் தொழில் செய்" என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மீதியானின் ஆசாரியருக்கு இருந்த அடக்கம் நமக்கும் வேண்டும்.

ஈ) போனார். 27ஆம் வசனம். வேலை முடிந்ததும் தன் தேசத்துக்குத் திரும்பிவிட்டார். பதவி கேட்கவில்லை, பங்கு கேட்கவில்லை. மோசே தன் காலில் நின்றார். நல்ல ஆலோசனைக்காரர் உங்களைத் தன்மேல் சாய்ந்தே இருக்கும்படி வைத்துக்கொள்ள மாட்டார்.

4. ஒரு சாட்சி

2021இல் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்த நம் சகோதரருக்கு வேலை போயிற்று. வயசு நாற்பத்தொன்று. "பேக்கரி போடலாம்னு இருக்கறனுங்க பாஸ்டர். நம்மூர்ல பேக்கரி ஓடாம போகாதுங்க" என்று வந்தார். இந்த முறை நான் தலைமேல் கை வைக்கும் முன்னே நாற்காலியை இழுத்துப் போட்டேன். சபையில் மூத்த ஐயா ஒருவரையும், சகோதரரின் வீட்டம்மாவையும் கூட வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். கேட்டது ஐந்தே கேள்வி.

கையில் இருக்கும் காசில் வீடு எத்தனை மாதம் ஓடும்? கடன் எவ்வளவு, யாரிடம்? கம்பெனியில் உங்க வேலைக்கு வெளியே எதற்காக ஆட்கள் உங்களைத் தேடி வந்தார்கள்? இந்தத் தொழில் போனால் எதை இழப்பீர்கள்? வீட்டில் இதற்குச் சம்மதமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வீட்டம்மாதான் சொன்னார். "ஓவர்லாக் மெஷின் நின்னா மெக்கானிக்கக் கூப்பிட மாட்டாங்க பாஸ்டர், இவரைத்தாங்க கூப்பிடுவாங்க." அவர் அதை ஒரு தொழிலாக நினைத்ததே இல்லை. நாலாவது கேள்விக்குக் கணக்குப் போட்டபோதுதான் பேக்கரிக்கு வீட்டையே அடமானம் வைக்க வேண்டிவரும் என்று தெரிந்தது.

முடிவை நாங்கள் எடுக்கவில்லை. அவர் இரண்டு வாரம் ஜெபித்து, தையல் மெஷின் மெக்கானிக் ஒருவரிடம் ஹெல்ப்பராகச் சேர்ந்தார். பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. சொல்லிக் கொடுத்த மெக்கானிக்குக்கு இருபத்தெட்டு வயசு! "அண்ணா, அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுங்க" என்று அந்தத் தம்பி சொல்ல, இவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் மாதம் அழுதுவிட்டேன் என்று பிறகு சொன்னார். எட்டு மாதம் கழித்துத் தனியாக, ஒரு டிவிஎஸ் வண்டியும் டூல்ஸ் பெட்டியுமாக சர்வீஸுக்குப் போக ஆரம்பித்தார். பெரிய வருமானம் என்று சொல்லமாட்டேன். வீடு இருக்கிறது, கடன் இல்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

5. கேட்கிறவருக்கும் ஒரு பாடம்

எத்திரோ நல்லவராக இருந்தது மட்டும் போதாது. 24ஆம் வசனத்தில் மோசே சொல்கேட்டு அப்படியே செய்தார் என்று பார்க்கிறோம். எண்பது வயதைத் தாண்டிய தலைவர், செங்கடலைக் கடந்து வந்தவர், மாமனார் பேச்சைக் கேட்டார்.

இரண்டாவது பதினெட்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமாபுரியில் இருந்தவர்கள். கிலவுதியு ராயன் யூதர்களையெல்லாம் வெளியேறச் சொன்னபடியால் கொரிந்துவுக்கு வந்தார்கள். அவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை. மேலே எடுத்த ஒரு முடிவால் பிழைப்பு பெயர்ந்தது. நம் மில் தொழிலாளிகளுக்கும் அப்படித்தானே? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கோவையில் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் நின்றன. ஊரடங்கு முடிந்தும் அவை திறக்காமல் தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஊர் போனாலும் ஆக்கில்லாவின் கைத்தொழில் போகவில்லை. கூடாரம் பண்ணும் தொழிலைக் கொரிந்துவில் மறுபடி தொடங்கினார்கள். பவுலும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்.

பிறகு எபேசுவில், அப்பொல்லோ என்ற கல்விமான் பிரசங்கிப்பதைக் கேட்டார்கள். ஒரு குறை தெரிந்தது. சபை நடுவே எழுந்து திருத்தவில்லை. தனியே சேர்த்துக்கொண்டு இன்னும் தெளிவாக விளக்கினார்கள். படித்த அப்பொல்லோ, கூடாரம் தைக்கிறவர்களிடம் கற்றுக்கொண்டார். இருபத்தெட்டு வயசுத் தம்பியிடம் கற்றுக்கொள்ள நமக்கு என்ன வெட்கம்?

நம் கோவையிலேயே ஒரு உதாரணம் உண்டு. கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்கள் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டித் தொழில் தொடங்கினார். அந்த ஆரம்ப நாட்களில் கோவையில் மில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை அவருக்கு உதவினார் என்பது நம் ஊரில் எல்லாரும் அறிந்தது. பஸ் தொழிலில் பேர் வாங்கிய பிறகு அதோடு நின்றுவிடவில்லை. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்று அதைச் சொல்லுவார்கள். அப்போது ஜி.டி. நாயுடுவுக்கு வயது நாற்பத்தி நாலு! தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரோடு கைகோக்க அவர் வெட்கப்படவில்லை. இன்று நானும் எத்தனையோ பேரும் மோட்டாரை நம்பிப் பிழைக்கிறோம்.

6. கையில் எடுக்கவேண்டிய காரியங்கள்

விசுவாசம் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்டவர் ஆண்டவர்தான் (லூக்கா 14).

* வேலை போனவுடனே பி.எஃப். பென்ஷன் பணத்தை எடுத்துவிடாதீர்கள். பத்து வருஷ சர்வீஸ் முடித்தவருக்கு 58 வயதில் மாதப் பென்ஷன் உரிமை உண்டு. பத்து வருஷம் ஆகாதவர் 10சி படிவம் கொடுத்து ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கினால், பழைய சர்வீஸை அடுத்த வேலையோடு சேர்க்கலாம். பணமாக எடுத்துவிட்டால் அந்த வருஷங்கள் கணக்கில் போய்விடும்.

* ஒரே இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு. ஒரு வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்கு. கேட்டு வாங்குங்கள்.

* இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்கள், வேலை இழந்தவர்களுக்கான நிவாரணம் பற்றி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள். 2018இல் வந்த அந்தத் திட்டத்தில், 2020இல் சராசரி தினக்கூலியில் பாதி, 90 நாள் வரை என்று உயர்த்தினார்கள்.

* மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் பதிவு செய்ய மட்டும் அல்ல, தொழில் வழிகாட்டும் மையமும் அதுதான். வழிகாட்டுதலுக்குக் காசு இல்லை.

* வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் பயிற்சியும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். 1982இல் கர்நாடகத்து உஜிரேயில் தொடங்கிய முறை இது. பயிற்சி முடிந்த பிறகு இரண்டு வருஷம் தொடர்ந்து விசாரித்துத் துணை நிற்பது இதன் சிறப்பு. எத்திரோ பார்த்தால் சந்தோஷப்படுவார்.

* காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லுகிறவர் வேலையை உறுதி பண்ணித் தருகிறேன் என்றாலோ, குறிப்பிட்ட ஒன்றில் பணம் போடச் சொன்னாலோ, எழுந்து வந்துவிடுங்கள். அவர் சபைக்காரராக இருந்தாலும் சரி.

முடிவாக

பிரியமானவர்களே, மேலே சொன்ன பஞ்சாலைச் சகோதரருக்கு இன்று வயது அறுபதை நெருங்குகிறது. ஒரு அப்பார்ட்மென்டில் இரவு வாட்ச்மேன். ஞாயிறு காலை டூட்டி முடிந்து நேராக ஆராதனைக்கு வருவார், தூக்கக் கண்ணோடு மூன்றாவது வரிசையில் உட்காருவார். திருப்பூர்ச் சகோதரருக்காக நாங்கள் உட்கார்ந்தோம் என்றேனே, அந்த மூன்று சாயங்காலமும் கூட இருந்த மூத்த ஐயா அவர்தான். "வீட்டை அடமானம் வெக்காதீங்க கண்ணு, நான் பட்டவன் சொல்றேன்" என்று சொன்னவரும் அவர்தான். அவர் இழந்த பணத்தை நான் திரும்பத் தர முடியவில்லை. ஆனால் இழப்பைச் சந்தித்த மனுஷனையே கர்த்தர் இன்னொரு குடும்பத்துக்கு எத்திரோவாக எழுப்பினார்.

உங்கள் தெருவில், உங்கள் பெஞ்சில் பக்கத்தில், வேலை போனதை வெளியே சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருக்கலாம். இந்த வாரம் அவரோடு ஒரு டீ குடியுங்கள். முதலில் கேளுங்கள். பிறகு சேர்ந்து ஜெபியுங்கள்.

சிந்திக்க:
1. என் வேலைக்கு வெளியே, எதற்காக ஜனங்கள் என்னைத் தேடி வருகிறார்கள்?
2. என்னைவிட வயதில் சின்னவரிடம் கடைசியாக எதைக் கற்றுக்கொண்டேன்?
3. யாருக்காவது கேள்வி கேட்காமலே ஆலோசனை சொல்லியிருக்கிறேனா? அவரிடம் திரும்பிப் போக வேண்டுமா?

ஜெபக்குறிப்பு: வேலை இழந்த குடும்பத் தலைவர்களுக்காகவும், கணவர் வேலை போனதால் பாரம் சுமக்கும் சகோதரிகளுக்காகவும், அவர்களோடு உட்கார நம் சபையில் பொறுமையுள்ள மூத்தவர்கள் எழும்பும்படியாகவும் ஜெபிப்போம்.

கர்த்தர்தாமே உங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.